ஆமைக்கு வயிறு அடைத்துக்கொண்டால்



இந்த மாதப் பாடத்தின் தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். "ஆமைக்கு மலச்சிக்கலா? இதுக்கெல்லாம் ஒரு பாடமா அண்ணா?" என்று கேட்பீர்கள். ஆமாம், பாடம்தான். நம் இளைஞர் கூட்டங்களில் செல்லப்பிராணி பற்றிப் பேச்சு வந்தால் ரெண்டு மூணு பேராவது "எங்க வீட்ல ஆமை இருக்கு" என்கிறார்கள். ஆனால், அது கடைசியாக எப்போது மலம் போனது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரிவதில்லை. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முனகும். பூனை மூலையில் போய் ஒடுங்கும். ஆமை நேற்று இருந்த மாதிரியேதான் இன்றும் இருக்கும். அடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டியது உங்களுக்குத் தெரியும். அந்த அடக்கம் நோயிலும் உண்டு என்பதுதான் வளர்ப்பவருக்கு வரும் சிக்கல். அது வலியையும் ஓட்டுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும்.

இந்தப் பாடத்தில் நான் சொல்லப் போவது நில ஆமைகளைப் பற்றி. மலேசியாவில் பலர் வளர்ப்பது சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க ஆமை. சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பு அதன் சொந்த ஊர். மண் நிற ஓடும், பின் தொடைகளில் முள் போன்ற புடைப்புகளும் அடையாளம். கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் 40, 50 கிலோவைத் தொடும். கலாபகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடி உலகிலேயே பெரிய நில ஆமை இதுதான்.

முதலில், அதன் வயிறு எப்படி வேலை செய்கிறது?

மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, ஆமைக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள சூடுதான் அதன் சூடு. நாம் குளிரில் சோறு சாப்பிட்டாலும் வயிறு அதன்பாட்டுக்குச் செரிக்கும். ஆமைக்கு உடம்பு குளிர்ந்தால் குடலும் மெதுவாகிவிடும். தின்றது அப்படியே தங்கும்.

இரண்டு, புல்லிலும் இலையிலும் உள்ள நாரை ஆமையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நொதிக்க வைத்து உணவாக்குகின்றன. இது மெதுவாக நடக்கும் வேலை. இன்று தின்றது வெளியே வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நுண்ணுயிர்களுக்கு நார் வேண்டும், தண்ணீர் வேண்டும், சூடு வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கோளாறுதான்.

மூன்று, ஆமைக்கு மலம், சிறுநீர், முட்டை எல்லாவற்றுக்கும் வெளியேறும் வழி ஒன்றே. வால் அடியில் இருக்கும் அந்த ஒரு துவாரம்தான். அதனால் ஆமை முக்கினால் மலச்சிக்கல் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும் முக்கும். வளர்ந்த பெண் ஆமைக்கு முட்டை வெளியே வராமல் தங்கிவிட்டாலும் முக்கும். ஆண் ஆமை கூட இல்லாவிட்டாலும் பெண் ஆமை முட்டை போடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

நல்ல வெயிலும் புல்லும் கிடைக்கிற ஆமை தினமோ, இரண்டொரு நாளுக்கு ஒருமுறையோ மலம் போகும். நார் தெரிகிற, உருண்டு திரண்ட, கரும்பச்சை அல்லது பழுப்பு நிற மலம் நல்ல மலம். கூடவே வெள்ளையாகக் கூழ் மாதிரி ஒன்று வரும். அது யூரேட் என்ற உப்புக் கழிவு. பற்பசை மாதிரி மென்மையாக இருந்தால் பயமில்லை. விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் உடம்பில் தண்ணீர் குறைவு என்று அர்த்தம். மலச்சிக்கலுக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை அதுதான்.

அதன் பிறகு வருபவை: பல நாள் மலம் இல்லாதது, தீனியில் ஆர்வம் குறைவது, பின்கால்களை ஊன்றி முக்குவது, ஒரே இடத்தில் கிடப்பது. பின்கால்களை இழுத்து இழுத்து நடந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடைத்திருப்பது கால் நரம்புகளை அழுத்தும்போதும் அப்படி ஆகும்.

ஏன் வருகிறது?

நம் ஊர் வீடுகளில் நான் பார்த்த காரணங்கள் இவை.

*தண்ணீர்.* "இது பாலைவன ஆமை, தண்ணி வேணாம்" என்று கடைக்காரரே சொல்லி அனுப்புகிறார். பாலைவனத்தில் அது வெயில் நேரத்தில் ஆழமான வளை தோண்டி ஈரப்பதமுள்ள மண்ணுக்குள் படுத்திருக்கும். நம் வீட்டுச் சிமெண்டுத் தரையில் வளை ஏது?

*குளிர்.* மலேசியாவில் குளிர் ஏது என்று கேட்காதீர்கள். ஏர்கோன் அறையில் மார்பிள் தரையில் இரவு முழுக்கக் கிடக்கிற ஆமைக்குக் குளிர் உண்டு. ஆண்டு இறுதியில் நாள் கணக்காக மழை பெய்யும்போதும் உண்டு. கேமரன் மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

*தீனி.* சோறு, ரொட்டி, பிஸ்கட், நாய்த் தீனி, வாழைப்பழம். ஒரு வீட்டில் காலையில் ரொட்டி சானாய் பிய்த்துப் போடுவதைப் பார்த்தேன். "அதுக்கு ரொம்பப் பிடிக்கும் அண்ணா" என்றார்கள். நமக்கும்தான் பிடிக்கும்! ஆமையின் குடலுக்கு அதில் நார் இல்லை.

*விழுங்கியது.* மணல், கூழாங்கல், ரப்பர் துண்டு, முடி. மண்ணையும் கல்லையும் ஆமை தின்பது உண்டு, சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் இன்னும் அதிகமாக. அழகுக்காகப் போடும் வெள்ளைக் கூழாங்கல் இதில் முதல் எதிரி.

*இடம்.* சுல்காட்டா நாள் முழுக்க நடந்து மேய்கிற பிராணி. அது நடந்தால்தான் குடலும் நடக்கும். பிளாஸ்டிக் பெட்டியில் எங்கே நடப்பது?

*புழு.* குடலில் புழு அதிகமானாலும் அடைப்பு வரும். இதை மலத்தைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு வீட்டில் நடந்தது

என் அக்கா மகள் இரண்டு வயது சுல்காட்டா ஒன்று வளர்க்கிறாள். பெயர் குண்டன். ஒரு டிசம்பர் மாதம், அடைமழை. வெளியே விட வழியில்லை என்று பெட்டியோடு அறைக்குள் கொண்டுபோனார்கள். பெட்டியில் அழகான வெள்ளைக் கல். அறையில் ஏர்கோன்.

அவளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் குண்டன் என்ன தின்றான், எப்போது மலம் போனான் என்று எழுதி வைப்பாள். ஒன்பதாம் நாள் எனக்குப் போன் வந்தது. "மாமா, ஒன்பது நாளா ஒன்னுமே போகல. நேத்துலேருந்து சாப்பிடவும் இல்ல. அப்பா சொல்றாரு, ஆமைதானே, பொறுத்துப் பாரு, ஒன்னும் ஆவாதுன்னு."

"பின்கால் எப்படி இருக்கு?"

"இழுத்து நடக்குறான் மாமா."

அப்போதே மருத்துவரிடம் போகச் சொன்னேன். ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர் பக்கத்து ஊரில் இருந்தார். எக்ஸ்ரே எடுக்கக் காசு ஆகும் என்றதும் வீட்டில் பேச்சு வந்தது. "அந்தக் காசுக்கு இன்னொரு ஆமை வாங்கலாம்" என்றார் என் மச்சான். கெட்ட மனிதர் இல்லை, மாசக் கடைசி. பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தீபாவளி அங்பாவ் காசை உண்டியலோடு கொண்டு வந்து மேசையில் வைத்தாள். "இன்னொன்னு வாங்கலாம்ப்பா. ஆனா அது குண்டன் இல்ல" என்றாள். அவர் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார்.

எக்ஸ்ரேயில் குடலுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். வழி முழுதும் அடைபடவில்லை, அதனால் உடனே அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் மருத்துவர். தோலுக்கடியில் ஊசி வழியாக நீர் ஏற்றினார். தினமும் வெதுவெதுப்பான நீரில் உட்கார வையுங்கள், சூட்டைக் குறைய விடாதீர்கள், மறுபடி எக்ஸ்ரேக்கு வாருங்கள் என்றார். நான்காம் நாள் முதல் கல் வந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் மிச்சம் வந்தது. ஒவ்வொன்றையும் அவள் நோட்டில் குறித்தாள். இரண்டாவது எக்ஸ்ரே சுத்தம்.

எல்லா ஆமையும் இப்படிப் பிழைப்பதில்லை. குண்டனைக் காப்பாற்றியதில் பாதி அந்த நோட்டுப் புத்தகம். "கொஞ்ச நாளா சரியில்ல" என்பதற்கும் "ஒன்பது நாள்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் மருத்துவருக்குப் பெரியது.

வீட்டில் செய்யக் கூடியது

ஆமை சுறுசுறுப்பாக இருக்கிறது, தின்கிறது, ஆனால் வழக்கத்தை விட நாள் தள்ளிப் போகிறது. அந்த நிலையில் மட்டும் இரண்டு, மூன்று நாள் வீட்டு வைத்தியம் பார்க்கலாம்.

1. ஆமைக்கென்று தனிப் பேசின் ஒன்று வையுங்கள். சமையலறைப் பாத்திரம் வேண்டாம். உள்ளேயிருந்து வெளியே பார்க்க முடியாத நிறமாக இருந்தால் நல்லது. கண்ணாடித் தொட்டி என்றால் வெளியே தெரிகிறதே என்று முட்டிக்கொண்டே இருக்கும்.

2. வெதுவெதுப்பான நீர், ஏறக்குறைய 30 டிகிரி. குழந்தையைக் குளிப்பாட்ட முன்னால் முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அதே போல விட்டுப் பாருங்கள். கொதிநீர் ஒருக்காலும் கூடாது.

3. மேலோடும் அடியோடும் சேருகிற விளிம்பு வரைக்கும் நீர் போதும். தலையைத் தூக்காமலே மூக்கு நீருக்கு மேலே இருக்க வேண்டும். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது.

4. 20 முதல் 30 நிமிடம். நீர் ஆறினால் மாற்றுங்கள். பக்கத்திலேயே இருங்கள். போனை எடுக்க அறைக்குப் போகிற வேலை வேண்டாம். ஆமை கழுத்தை நீட்டி நீர் குடிக்கும். பல ஆமைகள் அந்தச் சூட்டிலேயே மலம் போய்விடும். போனால் உடனே நீரை மாற்றுங்கள், அந்த நீரையே குடித்துவிடும்.

5. துடைத்து, வெயில் இருந்தால் புல்தரையில் நடக்க விடுங்கள். நிழலும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடி சன்னல் வழியாக வரும் வெயில் போதாது. எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

6. தீனியைச் சரி செய்யுங்கள். சுல்காட்டாவுக்குப் புல்தான் சோறு. மருந்து தெளிக்காத புல்லாக இருக்க வேண்டும். சாலையோரப் புல் வேண்டாம். செம்பருத்தி இலையும் பூவும், நம் தேசிய மலர்தானே, தாராளமாகப் போடலாம். மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி நல்லது. அடைப்பு இருக்கும் சமயத்தில் பூசணித் துண்டு கொஞ்சம் கொடுக்கலாம். பப்பாளி மிகச் சிறிதளவு, அதையும் வழக்கமாக்காதீர்கள். காங்கோங் எப்போதாவது ஒரு நாள் சரி. தினமும் அதையே போடுவது சரியில்லை.

7. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆரோக்கியமான ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் இரட்டிப்புக் கவனம்.

செய்யவே கூடாதது

நம் பாட்டிமார் வயிற்றுக்கு விளக்கெண்ணெய் கொடுத்து வளர்த்தவர்கள். பாசத்தோடு ஆமைக்கும் ஒரு கரண்டி ஊற்றப் பார்ப்பார்கள். மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். விளக்கெண்ணெய், சமையல் எண்ணெய், பாரஃபின், மனிதருக்கான பேதி மருந்து எதுவும் வேண்டாம். வாயில் பலவந்தமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். வழி முழுதாக அடைத்திருக்கும்போது பேதி மருந்து கொடுத்தால் குடல் கிழியவும் கூடும். துவாரத்தில் குச்சியோ விரலோ விடாதீர்கள். பாதி வெளியே வந்ததைப் பிடித்து இழுக்காதீர்கள். மல்லாக்கப் போட்டு வயிற்றை அமுக்காதீர்கள், அதன் அடியில் இருப்பது எலும்பு. எனிமா கொடுப்பது மருத்துவரின் வேலை.

காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

தீனியை நிறுத்தினால், முக்கிக்கொண்டே இருந்தால், பின்கால் இழுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால், கல்லோ பிளாஸ்டிக்கோ விழுங்கியதை நீங்களே பார்த்திருந்தால் அன்றைக்கே போங்கள். மூன்று நாள் வெந்நீர்க் குளியலுக்கும் பலன் இல்லையென்றாலும் போங்கள்.

வால் அடியில் சிவந்த சதை வெளியே தொங்கினால் அது அவசரம். உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியை நனைத்துப் போர்த்தி, காயவிடாமல் கொண்டுபோங்கள். ஆண் ஆமையின் உறுப்பு கறுத்த நிறத்தில் சில சமயம் வெளியே வந்து தானே உள்ளே போகும். அதற்குப் பதற வேண்டாம். சில நிமிடத்தில் உள்ளே போகவில்லை என்றால் அதுவும் அவசரமே.

போகும்போது மூன்றை எடுத்துப் போங்கள்: கடைசியாகப் போன மலம் (மூடிய டப்பாவில்), உங்கள் குறிப்பு நோட்டு, ஆமை இருக்கும் இடத்தின் படம். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை. முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். அதைவிட நல்லது, ஆமை நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணைத் தேடி வைத்துக்கொள்வது.

"கோயில் குளத்துல விட்டுடலாமா?"

நோய்வாய்ப்பட்ட ஆமையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் கடைசியில் இப்படித்தான் கேட்கிறார்கள். பெருமாளே ஆமையாக வந்தார், குளத்தில் விட்டால் புண்ணியம் என்ற நினைப்பு. நல்ல எண்ணம்தான். ஆனால் நில ஆமை குளத்தில் மூழ்கிச் செத்துப்போகும். நீர் ஆமையை விட்டாலும் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆமைகளுக்கு நோயைக் கொண்டுபோகும். கண்ணில் படாத இடத்தில் சாக விடுவது கருணை ஆகாது. பார்க்க முடியவில்லை என்றால் பொறுப்பாகப் பார்ப்பவரிடம் கொடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியத் தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதைப் பார்ப்பது பெர்ஹிலித்தான். பல ஆமை வகைகளுக்கு உரிமம் வேண்டும். வாங்கும் முன்னால் அவர்களிடம் கேளுங்கள். சபா, சரவாக்கில் தனிச் சட்டம். இந்திய நட்சத்திர ஆமை 2019இல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. அதாவது, காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதற்குத் தடை. சிங்கப்பூரில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். "கூட்டாளி மூலமா மலிவா கிடைக்குது" என்று யாராவது சொன்னால், அந்த ஆமை எந்தப் பெட்டிக்குள் எத்தனை நாள் பட்டினியாக வந்தது என்று யோசியுங்கள்.

கூட்டத்தில் பேச

1. ஆமைக்கு மலச்சிக்கல் வருவதற்கு இங்கே சொன்ன ஆறு காரணங்களில், நம் வீடுகளில் எது அதிகம்? அதை இந்த வாரமே எப்படி மாற்றலாம்?

2. "அந்தக் காசுக்கு இன்னொன்னு வாங்கலாம்" என்ற பேச்சுக்கு உங்கள் பதில் என்ன? அங்பாவ் காசு இல்லாத பிள்ளை என்ன செய்யலாம்? உங்கள் கிளை உறுப்பினர்கள் என்ன உதவி செய்யலாம்?

3. 50 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய ஒரு பிராணியை 15 வயதில் வாங்கலாமா? நீங்கள் படிக்க வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்?

இம்மாதச் செயல்

வீட்டில் ஆமை உள்ளவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். தேதி, தின்றது, மலம், யூரேட்டின் தன்மை, வாரம் ஒருமுறை எடை. ஐந்தே பத்தி, தினம் இரண்டு நிமிடம். ஆமை இல்லாதவர்கள், வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத வேறு ஒருவரைக் கவனியுங்கள். கிளியாக இருக்கலாம், தாத்தாவாகவும் இருக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.